வெளியே வைத்த கிடாரம்

அக்டோபர் 24, திங்கள்

இந்தக் கொப்பியை வதனி வாங்கித் தந்தாள். நீல மட்டை. ஒவ்வொரு நாளும் நடந்ததை எழுத வேண்டுமாம். டொக்டர் சொன்னாராம், ஞாபகத்துக்கு நல்லதென்று. என் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அது இருப்பதுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் இடைஞ்சல்.

டொக்டர் ஐந்து சொல் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். ஐந்தையும் சொன்னேன். அவருடைய கழுத்துப்பட்டியில் முட்டைக் கறை இருப்பதையும் சொன்னேன். பிறகு தாளில் ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார்.

"எனக்கு மணி பாக்கத் தெரியும். கீறி என்ன செய்யிறது? அவரிட்ட மணிக்கூடு இல்லையோ எண்டு கேள்" என்றேன்.

வதனி சிரித்தபடி, அம்மாவுக்கு இன்றைக்குக் களைப்பு என்று இங்கிலீசில் சொன்னாள். இருபத்திரண்டு வருடம் டொரொன்டோவில் தையல் ஃபாக்டரியில் வேலை செய்தவள் நான். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். நான் சொல்வதைக் கழுவித் துடைத்துப் பூ வைத்துத்தான் மற்றவர் கையில் கொடுப்பாள்.

அக்டோபர் 27, வியாழன்

வியாழக்கிழமை என்றால் யூத சமூக நிலையத்தில் வெங்காயம் உரிப்பது. வெள்ளி மாலைச் சாப்பாட்டுக்கு அங்கே நூற்றைம்பது பேர் வருவார்கள். வதனி ஜோனாவைக் கட்டுவதற்கு முன் இரண்டு வருடம் படித்து அவர்களுடைய சமயத்தில் சேர்ந்தவள். இப்போது அந்த நிலையத்துக்கே தலைவியாகத் தேர்தலில் நிற்கிறாள். வாக்கெடுப்பு நவம்பர் பதின்மூன்று. "நீங்களும் வந்து நாலு பேரோட நிண்டா நல்லது அம்மா" என்றாள். நிற்கிறேன்.

அந்தக் குசினியில் எல்லாம் இரண்டு. சிவப்புப் பிடி போட்ட சட்டி, அகப்பை, கத்தி எல்லாம் இறைச்சிக்கு. நீலப் பிடி போட்டதெல்லாம் பாலுக்கு. நீலக் குளிர்பெட்டிக்குள் காலையில் வரும் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பால் இருக்கும். பாலும் இறைச்சியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் அன்றைய சமையல் முழுவதும் குப்பைக்கு. இதை எனக்கு ஒரு தரம்தான் சொன்னார்கள். ஒரு தரம் போதும்.

அந்தக் குசினிக்குப் பெரியவள் ரீவா, ஜோனாவின் தாய். எழுபத்தொன்பது வயது, என்னைவிட ஒன்று கூட. முப்பத்திரண்டு வருடமாகக் குசினிக் கதவுத் திறப்பு அவளுடைய கழுத்தில் தொங்குகிறது. இன்று என் கறிவேப்பிலையை ஒவ்வொரு இலையாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பூச்சி இருந்தால் அவர்கள் சாப்பிடக் கூடாதாம். என் அறை ஜன்னலில் நான் வளர்த்த கன்று. பனிக்காலத்தில் என் போர்வையைச் சுற்றிக் காப்பாற்றிய கன்று.

"பூச்சி இல்லை" என்றேன்.

"பார்ப்போம்" என்றாள்.

பார்த்தாள். இல்லை. அதற்கு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை.

அக்டோபர் 30, ஞாயிறு

கொப்பிக்குத் தெரிந்திருக்கட்டும். 2006, ஜூன் பதினெட்டு, பின்னேரம் நாலே கால். வதனியின் கலியாணம், அதே நிலையத்தில். விடியவே எழும்பித் தலை தோய்ந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைப் பானையில் சர்க்கரைப் பொங்கல் பொங்கி, முந்திரிகை வற்றல் தூவிக் கொண்டுபோனேன். வாசலில் ரீவா. பச்சைச் சட்டை. "வீட்டுச் சமையலை உள்ளே எடுக்க முடியாது. வெளியே வையுங்கள்" என்றாள். பின்கதவடியில், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அணில் தின்றது.

வெளியே வை என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஆட்களைக் கோயிலுக்குள் விடாத காலம். அம்மா பொங்கின பானையை மதிலுக்கு வெளியே வைக்கச் சொன்னார் கோயில் மனேச்சர். அவருடைய பெயர் தெரியும். எழுத மாட்டேன்.

ரீவா பானையை இரண்டு நாள் கழித்து ஜோனாவிடம் கொடுத்து அனுப்பினாள். பொன் மாதிரி மினுங்கியது. ஆட்களுக்குக் காட்டத்தான் யாரையாவது பிடித்து மினுக்கியிருப்பாள்.

பதினாறு வருடமாக "ஹலோ"வும் குசினி வேலைப் பேச்சும் தவிர அவளோடு எனக்கு வேறு பேச்சில்லை.

நவம்பர் 3, வியாழன்

வெங்காயம். கால் வலி. ரீவா என் கத்தியைப் பறித்து வேறு கத்தி தந்தாள். இரண்டும் சிவப்புப் பிடிதான்.

நவம்பர் 6, ஞாயிறு

வதனிக்கு எதிராக நிற்பவர் மார்வின், பல் வைத்தியர். அவர்களுக்குள் ஒரு கட்டளை உண்டாம். சமயத்தில் வந்து சேர்ந்தவரிடம் "நீ வந்தவள்" என்று நினைவூட்டக் கூடாது, அது பாவம். அதனால் மார்வின் அதைச் சொல்வதில்லை. "நான் இந்த மண்டபத்தில் தவழ்ந்தவன்" என்று மட்டும் சொல்கிறார். எல்லோருக்கும் விளங்குகிறது. சொல்லாமல் சொல்வதில் எங்கள் ஊர்க்காரரைத் தோற்கடிப்பார்.

இன்று வதனி ஒரு யோசனையோடு வந்தாள். வாக்கெடுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு என் கோழிக்கறி.

"அங்க வச்சுச் சமைப்பம். அவையின்ர கோழி, அவையின்ர சட்டி. உங்கட கை மட்டும்."

"பால் விடாமல் என்ன கறி?"

"தேங்காய்ப்பால் பால் இல்லை அம்மா. பெரெட்ஸ் ஐயாவிட்டக் கேட்டனான்."

பெரெட்ஸ் அந்தக் குசினியின் சமயக் காவல்காரர். தாடி. அவர் ஓம் என்றால்தான் அடுப்பு. தேங்காய்ப்பாலுக்கு ஓம் என்றாராம். ஆனால் பார்க்கிறவர் மாட்டுப்பால் என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே மேசையில் கறிக்குப் பக்கத்தில் ஒரு முழுத் தேங்காய் வைக்க வேண்டும். அதைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"தேங்காய் சாட்சி சொல்லுமோ?" என்று கேட்டேன்.

வதனி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு சிரித்தது. "அம்மா, இந்த ஒரு நாள் மட்டும் ரீவாவோட கொளுவாதேங்கோ. எனக்காக" என்றாள்.

ஓம் என்றேன்.

நவம்பர் 10, வியாழன்

ஆறு தேங்காய் வாங்கித் தட்டிப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். குடுமி வைத்தது. கறித்தூள் புதிதாக வறுக்க விடவில்லை. அவர்களுடைய சமய முத்திரை குத்திய தூள்தான் பாவிக்க வேண்டுமாம். சரி.

நவம்பர் 11, வெள்ளி

கறி பழுதாய்ப் போய்விட்டது. எப்படி என்று ஞாபகம் இல்லை.

நவம்பர் 12, சனி

இன்று ஓய்வுநாள். இவர்கள் பேனை தொட மாட்டார்கள். நான் தொடுவேன்.

நேற்று நடந்தது இது. ஐம்பது லீற்றர் கிடாரம். அடுப்பைப் பற்ற வைக்க என்னை விடவில்லை. அவர்களுடைய ஆள்தான் நெருப்பு வைக்க வேண்டுமாம். பெரெட்ஸ் பற்ற வைத்தார். கோழி, வெங்காயம், தூள், இஞ்சி, கறிவேப்பிலை. பதினொரு மணிக்கு நூற்றைம்பது பேருக்கான கறி அந்தக் குசினியில் மணத்தது. அங்கிருந்த இரண்டு பெண்கள் வந்து மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஓ" என்றார்கள். தேங்காய்ப்பால் தகரங்கள் திறந்து வரிசையாக இருந்தன. பெரெட்ஸ் பக்கத்து அறைக்குக் கீரையில் பூச்சி பார்க்கப் போனார். நான் கைகழுவப் போனேன். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு பெரெட்ஸ் கிடாரத்தைத் திறந்தார். மணந்து பார்த்தார். குப்பை வாளிக்குள் வெறும் பால் பை ஒன்று கிடந்தது. ஒன்றேகால் லீற்றருக்கு மேல் பிடிக்கிற பை. நூற்றைம்பது பேருடைய கறியையும் பின்கதவால் கொண்டுபோனார்கள். கிடாரத்தையும் வெளியே வைத்து, யாரும் எடுக்காதபடி காதில் துணி கட்டினார்கள். மேசையில் தேங்காய் மட்டும் இருந்தது, சாட்சிக்கு. சனம் பாணும் சலாட்டும் தகரத்து மீனும் தின்றது.

மார்வின் எழும்பி, "பசித்தவர்கள் என் வீட்டுக்கு வரலாம். எங்கள் வீட்டில் பால் எது, இறைச்சி எது என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார். சிலர் சிரித்தார்கள். வதனியின் கழுத்து சிவந்து போனது.

அப்போது ரீவா எழும்பினாள். "பாலை ஊற்றியது நான். கண்ணாடி போடவில்லை. தேங்காய்ப்பால் என்று நினைத்துவிட்டேன்" என்றாள். கழுத்திலிருந்த திறப்பைக் கழற்றி பெரெட்ஸ் கையில் கொடுத்தாள். ரீவா பொய் சொல்லுவாள் என்று அங்கே ஒருவரும் நினைக்கமாட்டார்கள். மார்வின் உட்கார்ந்துவிட்டார்.

உட்காரும்போது அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் கண்ணாடி இருந்தது. காலையில் குசினியிலும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வதனி கேட்டாள். "அம்மா, நீங்கள்தானே?"

"ஞாபகம் இல்லை."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையைப் பிடித்துத் தடவினாள். "பரவாயில்லை அம்மா. திங்கள் டொக்டரோட கதைக்கிறன்" என்றாள். மூளை போய்விட்ட கிழவியின் கையைத் தடவுவது போல.

நவம்பர் 13, ஞாயிறு

எழுதுகிறேன். எல்லாம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் கைகழுவிவிட்டு வந்தபோது ரீவா கிடாரத்தடியில் நின்றாள். ஒரு கையில் தக்காளி சோஸ் போத்தல், மற்றக் கையில் சீனி. போத்தலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அது குளுக் குளுக் என்று என் கறிக்குள் இறங்கியது. பிறகு சீனி. இரண்டு கோப்பை. பிறகு அகப்பையால் துழாவினாள்.

"எங்கள் ஆட்களுக்கு உறைப்பு ஒத்துவராது" என்றாள். "உன் மகளுக்காகத்தான் செய்கிறேன். எல்லோரும் சாப்பிட வேண்டும் அல்லவா?"

நான் கோழிக்கறி சமைக்கத் தொடங்கி அறுபத்தெட்டு வருடம். அதற்குள் முதன்முதலாகச் சீனி போட்டது அவள்தான். அவள் நாக்கில் வைத்துப் பார்த்து, "இப்போது நல்லது" என்றுவிட்டுப் போனாள்.

நான் நீலக் குளிர்பெட்டியைத் திறந்தேன். நீலம் என்று தெரியும். பால் பையின் மூலையை வெட்டினேன். கத்தரிக்கோலும் நீலம். ஊற்றினேன். அது இனி என் கறி இல்லை. அவளுடைய கறியாகவும் இருக்க வேண்டாம் என்று ஊற்றினேன். அந்த நேரம் வதனியை நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை. அதுதான் உண்மை. அதைத்தான் வெள்ளிக்கிழமை எழுத முடியாமல் போனது.

இன்று காலை பத்து மணிக்குக் கூட்டம். வதனி மேடையில் மைக்கோடு நின்று, நீந்தும் குளத்துக்குப் புதுக் கூரை, முதியவர்களுக்கு வாகனம் என்று பேசினாள். நன்றாகப் பேசினாள். சனம் தலையாட்டியது. வெல்லுவாள் என்று எனக்கே தெரிந்தது. எனக்கு முன்வரிசையில் ரீவா. திறப்பில்லாத வெறுங்கழுத்து. எல்லோரும் குனிந்து அவளுடைய கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பெரிய தியாகி.

நான் செத்துப்போன பிறகும் இவளுக்குக் கடன்பட்டவளாகக் கிடக்க வேண்டுமா? மகளுக்கு நான் மூளை கலங்கியவள், சம்பந்திக்குக் கடன்காரி. இரண்டும் வேண்டாம்.

எழும்பினேன். தடியால் நிலத்தில் தட்டினேன்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லோணும். இங்கிலீசில சொல்லு."

"அம்மா, இருங்கோ. பிறகு கதைப்பம்."

"பால் ஊத்தினது நான். ரீவா இல்லை. சொல்லு."

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபம் முழுவதும் அவளுடைய வாயைப் பார்த்தது. அம்மாவுக்குக் களைப்பு என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். டொக்டரிடம் சொன்னவள்தானே.

"பூ வைக்காமச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். பாலை ஊற்றியது என் அம்மா.

"தவறி ஊத்தேல்லை. தெரிஞ்சுதான் ஊத்தினனான். எனக்கு மறதி ஒண்டும் இல்லை."

அதையும் சொன்னாள். தெரிந்து என்ற சொல்லை விடுவாளோ என்று காது கொடுத்திருந்தேன். விடவில்லை. குரல் மட்டும் கீழே போனது.

"அவ என்ர கறிக்குள்ள தக்காளி சோசும் சீனியும் போட்டவ."

பின்வரிசையில் ஒரு கிழவன் "ஐயோ" என்பது போல ஏதோ சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை.

"என்ர பிள்ளைக்கு இதில ஒண்டும் தெரியாது. நான் உங்கட ஆள் இல்லை. அவள் உங்கட ஆள்."

இதை மொழிபெயர்க்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவள் உங்கள் ஆள்" என்று தன்னைப் பற்றியே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்து மைக்கைக் கீழே வைத்தாள்.

மார்வின் எழும்பி, "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்றார். அதைவிடப் பெரிதாக ஒன்றும் அவர் சொல்லியிருக்க முடியாது.

மார்வினுக்கு நூற்றிருபத்து நாலு. வதனிக்கு நூற்றுப் பதினெட்டு.

நடைவழியில் ரீவா என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெள்ளைச் சீலை மாதிரி இருந்தது.

"முப்பத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் கெடுத்துவிட்டாய். என்னை எல்லோருக்கும் முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாய்."

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது?" என்றேன், என் இங்கிலீசில். "எனக்கு உன்ர உதவி வேண்டாம்."

"உனக்காகவா?" சிரித்தாள், கெட்ட சிரிப்பு. "உன்னை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவளுக்காகச் சொன்னேன். அவள் என் பிள்ளை."

என் பிள்ளை என்றாள். என் முகத்துக்கு நேரே.

நவம்பர் 14, திங்கள்

வதனி டொக்டருக்குப் போன் எடுக்கவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. பேத்தி ஷிராதான் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

நவம்பர் 15, செவ்வாய்

கதைக்கவில்லை.

நவம்பர் 16, புதன்

கதைக்கவில்லை. அவளுடைய கண்ணைப் பார்த்தேன். வீங்கியிருக்கிறது. ஆறு வாக்கு. அந்த ஆறு பேரும் யார் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். பின்வரிசைக் கிழவன் இல்லை. அவன் எங்கள் பக்கம்.

நவம்பர் 17, வியாழன்

காலை ஏழரைக்கு வதனி காரைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏறினேன்.

நிலையத்தின் பின்கதவடியில் கிடாரம். வெள்ளியிலிருந்து அங்கேயே கிடக்கிறது, காதில் துணியோடு. மேலே முதல் பனி. சரியாக அதே இடம். பதினாறு வருடத்துக்கு முன் என் பானை இருந்த இடம், குப்பை வாளிக்கு இந்தப் பக்கம்.

ரீவா ஏப்ரனோடு நின்றாள். கழுத்தில் திறப்பு. பெரெட்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். என் கையில் ஒரு தேய்ப்பானைத் திணித்தாள்.

"நீ கெடுத்தாய். நீயே தேய்."

"நீ சீனி போட்டனீ. நீயும் தேய்."

தேய்த்தோம். அவள் உட்புறம், நான் வெளிப்புறம். எலுமிச்சம் பாதியில் உப்பைத் தொட்டுத் தொட்டு, மூலை மூலையாக, நகத்தால் சுரண்டி. அந்த வேலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, 2006 இல் என் பித்தளைப் பானையை யார் மினுக்கியது என்று.

"முந்திரிகை வற்றல் போட்டிருந்தாய்" என்றாள் அவள், தலை நிமிராமல். "அணில் வற்றலை மட்டும் விட்டுவிட்டுப் போனது."

எவ்வளவு ஞாபகம் இந்தப் பொல்லாதவளுக்கு.

பிறகு பெரெட்ஸ் வெளி அடுப்பில் கிடாரத்தை ஏற்றி விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினார். பால் பட்ட பாத்திரம் கொதிநீரால்தான் சுத்தமாகுமாம். உள்ளே கொதித்தால் மட்டும் போதாது. விளிம்பாலும் வழிய வேண்டும். நெருப்பில் காய வைத்த கல்லொன்றைக் குறட்டால் பிடித்துத் தண்ணீருக்குள் போட்டார். சுர்ரென்று கிடாரம் நாலு பக்கத்தாலும் வழிந்தது. பனியின் மேல் ஆவி பறந்தது.

"பொங்கிச்சு!" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை கும்பிடக் கூடப் போனது. பிடித்து இறக்கினேன்.

ரீவா வதனியிடம் திரும்பினாள். "உன் அம்மா என்ன சொல்கிறாள்?"

வதனி கதவடியில் கை கட்டிக்கொண்டு நின்றாள். நாலு நாளுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். என்னிடம் இல்லை.

"அவவிட்டையே கேளுங்கோ," என்றாள், அதுவும் தமிழில். பிறகு இங்கிலீசில் சொன்னாள். "அவளுக்கு உங்கள் பாஷை தெரியும். நான் இனி மொழிபெயர்க்க மாட்டேன்."

ரீவா என்னைப் பார்த்தாள். பெரெட்ஸும் பார்த்தார். மதிலுக்கு வெளியே இருந்த அம்மாவின் பானையைப் பற்றிச் சொல்ல என் இங்கிலீசு போதாது. போதுமென்றாலும் இவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

"வோட்டர் போயில்" என்றேன்.

"அது எனக்கும் தெரியும்" என்றாள் ரீவா.

தண்ணீரை ஊற்றி, குளிர்நீரால் அலசி முடிந்ததும் அவள் குனிந்து கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. முறைத்துக்கொண்டு நின்றாள். எழுபத்தொன்பது வயதில் தனியத் தூக்கினால் இடுப்பு போகும். பிறகு அதற்கும் என்னைத்தான் சொல்லுவார்கள்.

தடியைச் சுவரில் சாத்திவிட்டு மற்றக் காதை நான் பிடித்தேன். வதனி வந்து கதவை அகலத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.